போத்தலில் இருந்ததும் தாய்ப்பால்தான்

போன கிழமை, முன்பு என்னோடு வேலை செய்த தங்கச்சி ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தாள். பிள்ளை பிறந்து மூன்று நாள். மேல் அண்ணத்தில் பிளவு.

"அக்கா, பிள்ளை மார்பில பிடிக்குதில்லை. வாயை வைக்குது, விடுது, அழுது. நீங்கள் என்னெண்டு அக்கா சமாளிச்சனீங்கள்?"

ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாருக்காவது உதவினாலும் சந்தோஷம்.

என் மகள் 2022 மாசிக் கடைசியில் பிறந்தாள். 2 கிலோ 700 கிராம். உதடு வடிவாகத்தான் இருந்தது, அதனால் முதல் நாள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பால் குடிக்க முடியாமல் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தாள். வார்டில் இருந்த ஒருவர் திரும்பத் திரும்ப "நீங்கள் பிள்ளையைச் சரியாப் பிடிக்கிறீங்கள் இல்லை" என்றார். ஒன்றரை நாள் அந்தச் சொல்லை நம்பினேன். தையல் வலியோடு அப்படி இருந்து பார்த்தேன், இப்படிச் சரிந்து பார்த்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் வேறொரு நேர்ஸ் வந்து, பிள்ளை அழும்போது வாய்க்குள் ரோச் அடித்துப் பார்த்தார். பின்பக்க அண்ணம் நடுவில் சேரவில்லை. நிறை அதற்குள் 2 கிலோ 400க்கு வந்துவிட்டது.

பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். உறிஞ்ச வேண்டுமென்றால் வாய் காற்றுப் புகாமல் அடைபட வேண்டும். அண்ணத்தில் இடைவெளி இருந்தால் காற்று மூக்குப் பக்கத்தால் உள்ளே வந்துவிடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் குடிக்கப் பார்ப்பது மாதிரி. பிள்ளை பாடுபட்டு இழுக்கிறாள், ஆனால் ஒன்றும் வருவதில்லை. என்னுடைய பிடியில் பிழை இருக்கவில்லை. இதைத்தான் தங்கச்சிக்கும் முதலில் சொன்னேன்: உன்னிலையும் பிழை இல்லை, பிள்ளையிலையும் பிழை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வேறு கேள்வி. "கிரகணத்துக்கு வெளியில போனனீயே பிள்ளை? கத்தி, கத்தரிக்கோல் ஏதும் பிடிச்சனீயே?" எங்கள் சொந்தத்தில் மூத்த ஒருவர், அன்பான மனுசி, அழுதுகொண்டுதான் கேட்டார். யாழ்ப்பாணத்தில் சூரியன் வளையமாய்த் தெரிந்த கிரகணம் 2019 மார்கழி 26ஆம் திகதி. அன்றைக்கு எனக்குக் கலியாணமே முடியவில்லை. அண்ணத்தின் இரண்டு பக்கமும் வளர்ந்து நடுவில் பொருந்துவது கருவின் ஆறாம் கிழமைக்கும் ஒன்பதாம் கிழமைக்கும் இடையில். சில பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை. ஆறாம் கிழமையில் நான் பிள்ளைத்தாச்சி என்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தி பிடித்ததற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிழை செய்தவளைப் போலத் தாயைப் பார்க்கிற அந்தப் பார்வையை மட்டும் நாங்கள் விட்டுவிட வேண்டும்.

பிள்ளையால் உறிஞ்ச முடியாததால், ஆஸ்பத்திரியில் முதலில் பாலைக் கையால்தான் எடுத்தேன். முதல் வந்தது அரைத் தேக்கரண்டி. மஞ்சள் நிறம், தேன் மாதிரித் தடிப்பு. அம்மா பார்த்துவிட்டு "இவ்வளவுதானோ" என்று முகம் வாடினார். முதல் நாட்களில் எல்லாத் தாய்க்கும் கொஞ்சம்தான் வரும், பிள்ளையின் வயிறும் சின்னதுதான். கரண்டியால் துளித்துளியாய்ப் பருக்கினோம். பிறகு சின்னக் கப். அதன் பிறகு, அண்ணப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கென்றே வருகிற, நாங்கள் மெல்ல அமுக்கிக் குடுக்கக்கூடிய மெத்தென்ற போத்தல். பிள்ளையைப் படுக்க வைத்துப் பருக்கக் கூடாது. நிமிர்த்தி, கிட்டத்தட்ட இருக்க வைத்த மாதிரிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் மூக்கால் வரும். வந்தாலும் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தொடரலாம். இந்தப் பிள்ளைகள் காற்றையும் சேர்த்து விழுங்குவார்கள், அதனால் இடைக்கிடை தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வேண்டும்.

மின்சாரப் பம்ப் லண்டனில் இருந்து மச்சாள் அனுப்பியது. கட்டுநாயக்காவில் வந்திறங்கிய ஒருவரின் சூட்கேஸில் வந்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். அதுவரை டவுணில் வாங்கிய கைப்பம்ப். மணிக்கட்டு வீங்கிப் போனது.

மின்சாரப் பம்பிலும் முதல் கிழமை நரக வேதனை. மார்பில் வைக்கிற புனல் 24 மில்லிமீற்றர். அதோடு வந்ததுதானே, அதுதான் எல்லாருக்கும் அளவு என்று நினைத்தேன். காம்பு உரசி வெடித்து இரத்தம் பாலில் கலந்தது. பிறகு பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்துக் காம்பின் குறுக்களவை அளந்து, அதற்குமேல் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூட்டிப் பார்த்தால் எனக்கு வேண்டியது 21. மச்சாள் அதையும் அனுப்பினார். புனல் மாறின அன்றே நோவு போனது, பாலும் கூடினது. தங்கச்சிக்கு நான் போனில் சொல்ல மறந்த முதலாவது விசயம் இது. நோவைத் தாங்கிக்கொண்டு இருக்காதே. அளந்து பார்.

ஒரு நாளைக்கு எட்டுத்தரம். விடிய 5, பிறகு 8, 11, பகல் 2, பின்னேரம் 5, இரவு 8, 11, சாமம் 2. ஒவ்வொரு தரமும் இருபது நிமிசம். பிள்ளைக்குப் பருக்க முக்கால் மணித்தியாலம். பிறகு கழுவி, சுடுதண்ணியில் அவித்து, காயவைக்க அரை மணித்தியாலம். மிச்சம் இருக்கிற நேரத்தில்தான் சாப்பாடு, வேது தண்ணிக் குளிப்பு, நித்திரை எல்லாம். சாமம் 2 மணியை விட்டுவிடலாமோ என்று பல தரம் ஆசைப்பட்டேன். ஆனால் பால் ஊற வைக்கிற ஹோர்மோன் இரவில்தான் கூடச் சுரக்கிறது. அந்த நேரத்தை விட்டால் இரண்டு மூன்று நாளில் பகல் பாலும் குறையும். நான் விட்டுப் பார்த்தேன், குறைந்தது.

அம்மா இதை ஒரு வரியில் சொன்னார்: "இறைக்கிற கிணறுதான் பிள்ளை ஊறும்." கிணற்றடியில் வளர்ந்த எங்களுக்கு இதைவிடச் சொல்லத் தேவையில்லை. பால் மிச்சம் தேங்கி நின்றால் மார்பே "போதும்" என்று நிறுத்திக்கொள்ளும். எடுத்துக்கொண்டே இருந்தால் ஊறிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் திடீரென்று பால் பாதியாகக் குறைந்தது. 100 வருகிற இடத்தில் 50 மில்லிலீற்றர். நான் அழ, மாமி உடனே ஆளனுப்பிப் பால்சுறா வாங்குவித்து, உள்ளியும் மிளகும் கூடப் போட்டு வறை வறுத்தார். முருங்கையிலையும் வந்தது. இரண்டு நாள் சாப்பிட்டேன், 50 தான். மூன்றாம் நாள் சாமான்களைக் கழுவும்போது, தாரா அலகு மாதிரி இருக்கிற அந்தச் சின்ன ரப்பர் வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அலகின் நுனியில் ஒரு மயிரளவு கிழிசல். இழுவை அதனால் போய்க்கொண்டிருந்தது. புதியதை மாட்டினேன், 110 வந்தது. சுறா வறையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பிள்ளைப்பெத்தவளின் உடம்புக்கு அது தேவையான சாப்பாடு, மாமியின் கை அதில் இருந்தது. ஆனால் பால் குறைந்தால் முதலில் வால்வைப் பாருங்கோ.

பிறகு பங்குனி மாதம் வந்தது. 2022, நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த வருசம். அதை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கரண்ட் முதலில் இரண்டரை மணித்தியாலம் போனது, பிறகு ஐந்து, ஏழு, பத்து. பங்குனி 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியாலம். மின்வெட்டுக்கு ஆங்கில எழுத்துகளால் பகுதிகளைப் பிரித்திருந்தார்கள்; எங்கள் பகுதிக்கு எந்த எழுத்து, அந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று போனில் பார்த்துக் கொப்பியில் எழுதி வைப்பேன். பம்பில் பற்றரி இருந்தது, நான்கு தரத்துக்கு மேல் தாங்காது. பவர் பாங்க்கும் அரைகுறையாய்த்தான் ஏறும். அதைவிடப் பெரிய பயம் பிறிட்ஜ். பிள்ளைக்குத் தேவையானதுக்கு மேலாய் எடுத்ததை நாற்பது பைகளாக உறைய வைத்திருந்தேன். சத்திரசிகிச்சை நேரம் தேவைப்படும், வேலைக்குப் போகத் தேவைப்படும் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்தது.

எடுத்த பாலை 25 பாகைக்குக் கீழே என்றால் நான்கு மணித்தியாலம் வெளியில் வைக்கலாம். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் 25 பாகை ஏது? எடுத்தவுடன் பருக்கினேன், அல்லது ஐஸுக்குள் வைத்தேன். பிறிட்ஜைத் திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டு நான்கு மணித்தியாலம் குளிர் தாங்கும். மேலே உறைதட்டு நிரம்பியிருந்தால் இரண்டு நாள், பாதி என்றால் ஒரு நாள். அதனால் பால்பைகளுக்கு இடையில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்பினோம். இவர் சைக்கிளில் குருநகருக்குப் போய் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, றெஜிபோம் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார். கடலுக்குப் போக மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த காலம். குழந்தைப் பிள்ளைக்குப் பால் வைக்க என்று சொன்னதும் ஒரு ஐயா காசு வாங்க மறுத்துவிட்டாராம். ஏதோ கரைச்சலில் இருந்த மனுசன். அவரை நான் கண்டதில்லை, ஆனால் மறக்கவில்லை.

அப்படியும் ஒரு இரவு தவறிவிட்டது. கதவு சரியாய்ச் சாத்துப்படவில்லை. விடியப் பார்த்தால் முன்வரிசைப் பைகள் பதினான்கும் தண்ணீராய்க் கிடந்தன. உள்ளுக்குள் ஐஸ் துகள் இருந்தால் திரும்ப உறையவைக்கலாம். இவை முழுக்க உருகிச் சூடாகியே விட்டிருந்தன. ஒவ்வொரு பையிலும் நான் எழுதிய திகதியும் நேரமும் இருந்தன. சாமம் 2.10. சாமம் 2.25. கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது எங்கள் கிளினிக் மிட்வைஃப் மிஸ். பெற்றோல் இல்லாமல் அவவும் சைக்கிளில்தான் வந்தார். பம்ப் சார்ஜ் இல்லை என்று நான் புலம்ப, "கை இருக்குத்தானே, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்றார். விறாந்தையில் இருத்திக் காட்டித் தந்தார். ஆஸ்பத்திரியில் நான் செய்தது காம்பைப் பிடித்து இழுத்தது. அது பிழை. பெருவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும், காம்பில் இருந்து ஓர் அங்குலம் பின்னுக்கு வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாய் அமுக்க வேண்டும். பிறகு விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து, முன்னுக்கு உருட்டுவது போல. தோலில் வழுக்கக் கூடாது. விட வேண்டும். திரும்ப அமுக்க வேண்டும். முதல் ஒரு நிமிசம் ஒன்றும் வராது. அந்த ஒரு நிமிசத்தில்தான் எல்லாரும் கைவிடுகிறார்கள். பிறகு ஒரு துளி வந்து நிற்கும். பிறகு இரண்டு. பிறகு சட்டென்று உள்ளே கூசும், நான்கைந்து நூலாய்ப் பால் பாயும்.

சில்வர் ரம்ளரில் அது விழும் சத்தம் முதலில் "டிங்" என்று கேட்கும். அடியில் பால் சேர்ந்ததும் சத்தம் மங்கும். இருட்டில் எவ்வளவு சேர்ந்தது என்று அந்தச் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிய வந்தது. சாமம் 2 மணி, விறாந்தையில் மெழுகுதிரி, மடியில் பிள்ளையின் கழற்றிப்போட்ட சட்டை. அதன் மணம் மூக்கில் பட்டால் பால் கெதியாய் இறங்கும். தெருவே இருண்டு கிடக்கும். அந்த நேரத்தில் எங்கள் நாட்டில் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்றது. என் பிள்ளைக்குரியது என்னிடம் இருந்தது. வேறொன்றையும் நம்ப முடியாத வருசத்தில் அது பெரிய தைரியம்.

இனி, எனக்கு உண்மையில் நொந்த விசயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சனத்திடம் இரண்டே சொல்தான் இருக்கிறது. தாய்ப்பால், புட்டிப்பால். போத்தலைக் கண்டால் மாப்பால் என்றுதான் அர்த்தம். "பால் குடுக்கேல்லையே?" என்று கேட்டால் நான் எந்தப் பதிலைச் சொல்வது? ஓம் என்றால் போத்தலைக் காட்டுவார்கள். இல்லை என்றால் அது பொய். ஒரு நாளைக்கு 750, 800 மில்லிலீற்றர் என் உடம்பில் இருந்து எடுக்கிறேன், அதற்கு ஒரு பெயர் இல்லை. பக்கத்து வளவில் "மாடு மாதிரிக் கறக்கிறா" என்றும் கதை வந்தது. அந்தச் சொல் என்னை மாதக்கணக்காய் உறுத்தியது.

மூன்றாம் மாதக் கிளினிக். பிங்க் கொப்பியில் நிறைக் கோடு பச்சைப் பகுதிக்குள் ஏறியிருந்தது. பால் பற்றிய பகுதி வந்ததும் நான் முந்திக்கொண்டு, "மிஸ், நாங்கள் போத்தில்தானே…" என்றேன். அவ நிமிர்ந்து பார்த்தார்.

"போத்திலுக்குள்ள என்ன?"

"என்ர பால்தான் மிஸ்."

"வேற ஏதும்? மாப்பால், தண்ணி?"

"இல்லை மிஸ்."

"அப்ப தாய்ப்பால் மட்டும்தான்" என்று சொல்லி, அதையே எழுதினார். எடுத்துப் பருக்குகிற தாய்ப்பாலும் தாய்ப்பால் மட்டும் என்ற கணக்கில்தான் வரும், உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணமே அதுதான் என்று சொன்னார். இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவர்கள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என்று 2016 கணக்கெடுப்புச் சொல்கிறது. அந்த எண்ணிக்கைக்குள் என் மகளும் நிற்கலாம் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. வரும் வழியெல்லாம் ஓட்டோவுக்குள் அழுதுகொண்டு வந்தேன்.

அதன் பிறகு நான் ஒளிக்கவில்லை. நல்லூர்த் திருவிழா நேரம், வீதி மணலில் இருந்து போத்தலால் பருக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, "ஏன் பிள்ளை, தாய்ப்பால் இல்லையே?" என்றார். "இது தாய்ப்பால்தான் அம்மா. பிள்ளைக்கு அண்ணத்தில ஒரு சின்னப் பிரச்சினை, உறிஞ்சேலாது. நான் எடுத்துக் குடுக்கிறன்" என்றேன். அவ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் விசிறியால் பிள்ளைக்கு விசிறத் தொடங்கினார். பால் முடியும்வரை விசிறினார்.

வேலைக்குத் திரும்பியது புரட்டாதியில். 84 வேலைநாள் லீவுக்குப் பிறகு அரைச் சம்பளத்திலும் கொஞ்சக் காலம் நின்றேன். பம்ப் பண்ண எனக்குக் கிடைத்த இடம் பழைய பைல்கள் அடுக்கிய அறை. கதவுக்குப் பூட்டு இல்லை. கதிரையைக் கதவில் முட்டுக்குடுத்து இருந்தேன். முகாமை செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு கொண்டி போடுங்கோ. வேறு ஒன்றும் பெரிதாய்த் தேவையில்லை.

2023 தையில் அண்ணத்துக்குச் சத்திரசிகிச்சை. அன்றைக்கு மகளுக்குப் பத்தரை மாதம். மயக்க மருந்து குடுக்க முன் வயிறு வெறுமையாய் இருக்க வேண்டும். மாப்பால் என்றால் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் கெதியாய்ச் சமிக்கும் என்பதால் நான்கு. முதல் நாள் இரவு நேர்ஸ் வந்து கேட்டார்: "பிள்ளைக்கு என்ன பால்?"

"தாய்ப்பால்."

"அப்ப விடிய நாலு மணிக்குக் கடைசியாக் குடுங்கோ."

அவ்வளவுதான். போத்தல் என்ற பேச்சே வரவில்லை. விடிய 3.20க்கு எழும்பி எடுத்து, சூடு ஆற முதல் பருக்கினேன். பசியில் அழுகிற பிள்ளைக்கு அந்த இரண்டு மணித்தியால வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அன்று விடிய அந்த வார்டில் இருந்த தாய்மாருக்குத் தெரியும்.

காயம் ஆறினதும் கப்பால் நன்றாய்க் குடிக்கப் பழகினாள். நான் பம்ப் பண்ணுவதை ஒரேயடியாய் நிறுத்தவில்லை. ஒரு கிழமைக்கு ஒரு நேரத்தைக் குறைத்தேன், எடுக்கிற நிமிசங்களையும் குறைத்தேன். சட்டென்று நிறுத்தினால் பால் கட்டிக் காய்ச்சல் வரும். கடைசி நாட்களில் அம்மா மல்லிகைப்பூ கட்டிவிட்டார், பால் வத்த அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். சாமம் 2 மணி நித்திரை முழிப்பு மட்டும் மேலும் இரண்டு மாதத்துக்குப் போகவில்லை.

மாப்பால் குடுத்த தாய்மாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எனக்கு அம்மா இருந்தார், மாமி இருந்தார், சைக்கிள் மிதிக்க இவர் இருந்தார், லண்டனில் மச்சாள் இருந்தார். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் நானும் மாப்பாலுக்குத்தான் போயிருப்பேன், பிள்ளையும் வளர்ந்திருப்பாள்.

நாளைக்கு அந்தத் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன். என் பம்பைக் குடுக்க முடியாது. அது ஒருவர் மட்டும் பாவிக்கிற வகைப் பம்ப். அதை இன்னொருவர் பாவிக்கக் கூடாது, உள்ளே பால் போயிருந்தால் சுத்தம் செய்ய வழியில்லை. மச்சாளிடம் புதியதற்குச் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு அடிமட்டமும், மில்லிலீற்றர் எழுதின என் பழைய கொப்பியும், அந்தச் சில்வர் ரம்ளரும் பையில் வைத்திருக்கிறேன். பால்சுறா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் விடிய வேளைக்குப் போனால்தான் கிடைக்கும்.